நோயினின்று மீண்ட பிள்ளைகளின் ஏடு

(அறக்கட்டளையின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டுதோறும் இம்மேடையில் எனக்கு இலக்கியத் தலைப்பே தரப்படும். இவ்வாண்டு வேறொரு பொருள் குறித்துப் பேச விரும்பிச் செயலாளர் அவர்களிடம் நானே இசைவு பெற்றேன். நம் அறக்கட்டளை ஔடத தானமாக வழங்கும் உதவிகளுள் குழந்தைகளின் புற்றுநோய்ச் சிகிச்சைக்கான உதவியும் ஒன்று. விண்ணப்பங்களைப் படித்துப் பார்க்கும் பொறுப்பு, பணி ஓய்வுக்குப் பின் எனக்கு வந்தது. சிகிச்சை தொடங்கும்போது ஒரு கடிதம் வரும். இடையில் மருந்துச் செலவுக்காக ஒன்றிரண்டு வரும். 'பிள்ளைக்குக் குணமாகிவிட்டது' என்று நன்றிக் கடிதம் ஒன்று வரும். அத்துடன் கோப்பு முடிந்துவிடும். அந்தப் பிள்ளையின் இருபத்தைந்தாம் வயதைப் பற்றிய கடிதம் எதுவும் கோப்பில் இராது. அந்த இருபத்தைந்தாம் வயதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

நான் மருத்துவம் படித்தவள் அல்லள். தமிழ் படித்துத் தமிழ் கற்பித்தவள். கற்றறிந்த மருத்துவர்களிடம் கேட்டும், படித்தும் தெரிந்துகொண்டவற்றையே சொல்கிறேன். மருந்துப் பெயர்கள் சில காதுக்குக் கரடுமுரடாக இருக்கும், பொறுத்தருள வேண்டும். ஏன் பெயர் சொல்லியே பேசுகிறேன் என்பது உரையின் பின்பகுதியில் விளங்கும்.

குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களுள் மிகுதியாகக் காணப்படுவது இரத்தப் புற்றுநோய். எண்பது ஆண்டுகளுக்கு முன் இந்நோய் கண்ட குழந்தை சில வாரங்களோ, சில மாதங்களோதான் உயிர் வாழும். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் சிட்னி ஃபார்பர் என்னும் மருத்துவர், அமினோப்டெரின் என்ற மருந்தைக் கொடுத்தால் இந்நோய் சிறிது காலமேனும் தணிகிறது என்பதை 1948-இல் உலகுக்கு அறிவித்தார். அம்மருந்தை உருவாக்கித் தந்த ஆய்வுக் குழுவுக்குத் தலைவர் யார் தெரியுமா? பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, கடல் கடந்து சென்ற எல்லாப்பிரகடா சுப்பாராவ் அவர்கள். தம் குழுவின் மருந்து ஒரு பெருங்கதவைத் திறந்துவிட்ட அதே ஆண்டின் ஆகஸ்டு மாதத்தில் அவர் காலமானார்.

அடுத்து வந்தது நம் வீட்டு வேலியோரத்துச் செடி. நித்தியகல்யாணி என்றும் சுடுகாட்டு மல்லி என்றும் நாம் சொல்லும் அந்தச் செடியிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட வின்கிறிஸ்டின் என்னும் மருந்து 1960-களில் பயன்பாட்டுக்கு வந்தது. இன்றும் இரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் அதற்கு முதன்மையான இடம் உண்டு. (இதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய் யாரும் அச்செடியைக் கஷாயம் வைத்துக் குடித்துவிட வேண்டா. அதன் சாறு நஞ்சு. பல்லாயிரம் பங்கில் ஒரு பங்காகப் பிரித்து, அளந்து, நரம்பு வழியே செலுத்தினால்தான் அது மருந்து.)

மருந்துகள் ஒவ்வொன்றாக வந்தபோதும் நோய் திரும்பத் திரும்ப வந்தது. காரணம், இரத்தத்தில் ஓடும் மருந்து மூளைக்குள் எளிதில் நுழைவதில்லை. நோயணுக்கள் அங்கே போய் ஒளிந்துகொண்டன. 1962-இல் மெம்ஃபிஸ் நகரில் திறக்கப்பட்ட புனித ஜூட் மருத்துவமனையின் தலைமை மருத்துவர் டொனால்டு பிங்கெல் ஒரு துணிவான முடிவெடுத்தார். பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பது. தலைக்குக் கதிர்வீச்சு கொடுப்பது. முதுகுத் தண்டில் ஊசி வழியே மருந்து செலுத்துவது. பிறகு இரண்டு மூன்று ஆண்டுகள் மாத்திரைகளைத் தொடர்வது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் பாதிக் குழந்தைகள் பிழைத்தனர். முன்பு ஒருவரும் பிழைக்காத நோயில் பாதிப்பேர் பிழைத்தார்கள் என்றால், அந்தத் தாய்மார்களின் மனநிலையை எண்ணிப் பாருங்கள்.

அந்தக் குழந்தைகள் வளர்ந்தார்கள். வளர்ந்தபோதுதான் தெரிந்தது. சிலர் உயரமாக வளரவில்லை. தலையில் பட்ட கதிர்வீச்சு, வளர்ச்சிக்கான சுரப்பு நீரைத் தரும் பிட்யூட்டரி சுரப்பியைத் தாக்கியிருந்தது. சிலர் கணக்குப் போடத் திணறினார்கள். ஒன்றைப் படித்து முடிப்பதற்குள் முந்தைய வரி மறந்துபோயிற்று. ஐந்து வயதுக்கு முன் கதிர்வீச்சு பெற்றவர்களிடமும் பெண் குழந்தைகளிடமும் இது மிகுதியாக இருந்தது. அறிவு மழுங்கிவிட்டது என்பதைவிட, வேகமும் கவனமும் குறைந்தன என்பதே பெரும்பாலும் பொருத்தம். இருபது முப்பது ஆண்டுகள் கழித்து, கதிர்பட்ட இடத்திலேயே வேறு கட்டிகள் தோன்றியதும் உண்டு.

உயிர் காத்த மருத்துவமே இதையும் கண்டுபிடித்தது என்பதைக் கவனிக்க வேண்டும். குணமாக்கினால் மட்டும் போதாது என்று ஜூலியோ டேஞ்சியோ என்னும் கதிர்வீச்சு மருத்துவர் 1975-லேயே எழுதினார். அளவைக் குறைத்தார்கள்; பிறகு பெரும்பாலான குழந்தைகளுக்குத் தலைக் கதிர்வீச்சையே விட்டார்கள். அதே புனித ஜூட் மருத்துவமனை 2009-இல் வெளியிட்ட ஆய்வில், எந்தக் குழந்தைக்கும் தலையில் கதிர்வீச்சு கொடுக்கப்படவில்லை. ஐந்தாண்டுகளுக்குப் பின் நூற்றுக்கு 93 பேர் உயிருடன் இருந்தனர்.

இனி இதயம். இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

டாக்ஸோருபிசின், டானோருபிசின் என்று இரண்டு மருந்துகள். மருத்துவமனையில் பிள்ளையுடன் இருந்த தாய்மார்கள் பெயரை மறந்தாலும் நிறத்தை மறக்க மாட்டார்கள். குழாயில் சிவப்பாக இறங்கும். பிள்ளையின் சிறுநீரும் சிவக்கும். இரத்தப் புற்றுநோய், எலும்புப் புற்றுநோய், சிறுநீரகக் கட்டி எனப் பலவற்றுக்கும் கைகண்ட மருந்து அது. ஆனால் இதயத் தசையின் அணுக்களைச் சிறிது சிறிதாக அழிக்கும். தோலில் காயம் பட்டால் புதுத் தோல் வளரும். இதயத் தசை அவ்வாறு வளர்வது அரிது. ஆகவே மிஞ்சிய அணுக்கள் இழந்த அணுக்களின் வேலையையும் சேர்த்துச் செய்கின்றன. குழந்தை சிறியதாக இருக்கும்வரை அது தெரிவதில்லை. உடல் வளர்கிறது, இதயத்தின் சுமை கூடுகிறது. கருவுறும்போது இரத்த ஓட்டம் மேலும் பெருகுகிறது. அப்போதுதான் மூச்சு வாங்குகிறது.

1991-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு இதைத் தெளிவாக்கியது. இரத்தப் புற்றுநோய்க்கு டாக்ஸோருபிசின் பெற்றுக் குணமான 115 பேரின் இதயங்களைச் சோதித்தார்கள். அவர்களில் நூற்றுக்கு 57 பேரிடம் இதயம் சுருங்கும் திறனிலோ, அது தாங்கும் சுமையிலோ மாறுபாடு காணப்பட்டது. இம்மருந்தின் மொத்த அளவுக்கு எல்லை வகுக்கிறார்கள். உடற்பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு மொத்தம் 250 மில்லிகிராமுக்கு மேல் பெற்றவர்களுக்கு ஆபத்து மிகுதி என்று கொள்கிறார்கள். அத்தகையோர் வாழ்நாள் முழுதும் குறிப்பிட்ட இடைவெளிகளில் எக்கோ பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். பெண்கள் கருவுறுவதற்கு முன்போ, கருவுற்ற முதல் மாதங்களிலோ கட்டாயம் செய்துகொள்ள வேண்டும். எக்கோ வலியில்லாத சோதனை. மாவட்டத் தலைநகரங்களில் எல்லாம் செய்கிறார்கள். தொடக்கத்தில் கண்டுகொண்டால் மாத்திரைகளால் இதயத்துக்குத் துணை நிற்க முடியும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஹாட்ஜ்கின் என்னும் நிணநீர்ப் புற்றுக்காக இளவயதில் மார்பில் கதிர்வீச்சு பெற்ற பெண்களுக்கு, மார்பகப் புற்று வரும் வாய்ப்பு மற்றப் பெண்களைவிடப் பல மடங்கு. ஆகவே இருபத்தைந்து வயதிலோ, கதிர்வீச்சு முடிந்து எட்டு ஆண்டுகளிலோ, எது பிந்தியதோ அப்போதே ஆண்டுதோறும் சோதனை தொடங்க வேண்டும். ஸ்டீராய்டு மருந்துகளால் சிலருக்கு, குறிப்பாகப் பத்து வயதுக்கு மேல் சிகிச்சை பெற்றோருக்கு, இடுப்பு மூட்டின் எலும்பு நலிகிறது. சைக்ளோபாஸ்பமைடு போன்றவை, பெற்ற அளவைப் பொறுத்து, பிள்ளைப்பேற்றுத் திறனைக் குறைக்கலாம்.

சிஸ்பிளாட்டின் என்ற மருந்தைப் பற்றி மட்டும் ஓர் ஆசிரியையாகக் கூடுதலாகச் சொல்ல உரிமை எடுத்துக்கொள்கிறேன். கல்லீரல் கட்டி, எலும்புப் புற்று முதலியவற்றுக்குத் தரப்படும் அம்மருந்து உட்செவியைத் தாக்கும். முழுச் செவிடாக்குவதில்லை, உச்சமான ஒலிகளை மட்டும் முதலில் பறித்துவிடும். எட்டாம் வகுப்பில் எனக்கு ஒரு மாணவி இருந்தாள். கூப்பிட்டால் திரும்புவாள், கேட்ட கேள்விக்கு விடை சொல்வாள். ஆனால் சொல்வதெழுதுதலில் பிழை வந்தபடியே இருக்கும். அவளுடைய ஏட்டை ஒருநாள் பொறுமையாகப் புரட்டியபோது, பிழைகளில் ஓர் ஒழுங்கு இருப்பது தெரிந்தது. வல்லினத்தில் சகரத்திலும், 'ஸ', 'ஷ' முதலிய வடவெழுத்துகளிலுமே தடுமாற்றம். மெல்லினமும் இடையினமும் சரியாகவே இருந்தன. கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்று நான் சொன்ன சொற்களில் பிழை மிகுதி. முகம் பார்த்துச் சொன்னவற்றில் குறைவு. அவள் என் உதடுகளைப் படித்துக்கொண்டிருந்தாள். தாயை அழைத்துக் கேட்டபோதுதான், நான்கு வயதில் அடையாற்றில் சிகிச்சை பெற்ற செய்தி வெளிவந்தது. செவிச் சோதனை நடந்தது. காதில் கருவி பொருத்தினார்கள். அவ்வாண்டு இறுதிக்குள் அவளுடைய எழுத்து வேறாயிற்று. அதற்கு முன் பள்ளியில் அவளுக்கு 'கவனமில்லாத பெண்' என்று பெயர்.

இத்தனையும் கேட்டு அஞ்ச வேண்டா. அச்சத்தால் சிகிச்சையை மறுப்பது உயிரை மறுப்பதாகும். உலக நலவாழ்வு நிறுவனத்தின் கணக்குப்படி ஆண்டுதோறும் ஏறத்தாழ 4 இலட்சம் குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் புற்றுநோய் வருகிறது. வளமான நாடுகளில் நூற்றுக்கு 80 பேருக்கு மேல் குணமடைகிறார்கள். நான் சொல்வது அவ்வாறு குணமான பின்பு உள்ள வாழ்க்கையைப் பற்றி.

அந்த வாழ்க்கையை அளந்து பார்த்த பேராய்வு ஒன்று உண்டு. 1970 முதல் 1986 வரை நோய் கண்டு, ஐந்தாண்டுக்கு மேல் உயிர் வாழ்ந்தவர்களை அமெரிக்காவிலும் கனடாவிலும் 1994 முதல் தொடர்ந்து கவனித்து வந்தார்கள். 2006-இல் அவர்களுள் 10,397 பேரைப் பற்றிய முடிவுகள் வெளியாயின. சராசரி வயது இருபத்தாறுதான். ஆயினும் நூற்றுக்கு 62 பேருக்கு ஏதேனும் ஒரு நாட்பட்ட நோய் இருந்தது. நூற்றுக்கு 27 பேருக்குமேல் அது கடுமையானதாக, உயிருக்கு ஆபத்தானதாக இருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க அவர்களுடைய உடன்பிறந்தாரையே எடுத்துக்கொண்டார்கள். ஒரே வீட்டில் ஒரே உணவுண்டு வளர்ந்த அண்ணன் தங்கையருக்கு அந்த அளவில் நோயில்லை. ஆறுதலான செய்தியும் அந்தப் பேராய்வின் பிந்தைய தொடர்ச்சியில் உண்டு: 1970-களில் சிகிச்சை பெற்றவர்களுள் இருபது ஆண்டுக்குள் கடுமையான பாதிப்பு வந்தோர் நூற்றுக்கு 33, 1990-களில் பெற்றவர்களுள் அது 27 ஆகக் குறைந்தது.

இவையெல்லாம் வெளிநாட்டுக் கதைகள் என்று எண்ணிவிடாதீர்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் முயற்சியால் 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை தொடங்கியது. 1980-களின் நடுவில், அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய்க் கழகத்தைச் சேர்ந்த இயன் மக்ராத் என்பாருடன் சேர்ந்து, சென்னை அடையாறு, மும்பை டாடா நினைவு மருத்துவமனை, தில்லி எய்ம்ஸ் ஆகிய மூன்று இடங்களிலும் ஒரே முறையிலான சிகிச்சையை இரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கத் தொடங்கினார்கள். அதனால் பிழைத்த குழந்தைகளின் எண்ணிக்கை வெகுவாக உயர்ந்தது. அம்முறையில் டானோருபிசின் இருந்தது. தலைக்குக் கதிர்வீச்சும் இருந்தது. அந்தக் குழந்தைகளுக்கு இன்று நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். அவர்கள் எங்கோ இல்லை; வேலூரிலும் விழுப்புரத்திலும் திருவண்ணாமலையிலும், ஒருவேளை இம்மண்டபத்திலும் இருக்கிறார்கள்.

மும்பையில் டாடா நினைவு மருத்துவமனை, சிகிச்சை முடிந்தவர்களுக்கென்றே 1991-இல் தனிப் பிரிவு தொடங்கியது. இன்று நம் நாட்டின் பெரிய குழந்தைப் புற்றுநோய் மையங்கள் பலவற்றில் அத்தகைய பிரிவுகள் உண்டு. ஆனால் அங்கே போவதற்கு, தமக்கு என்ன நோய் வந்தது என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டுமல்லவா?

இங்கேதான் நம் குடும்பங்களின் வழக்கம் குறுக்கே நிற்கிறது. நம் சமுதாயம் சிறியது. பெண் கொடுப்பதும் எடுப்பதும் அறிந்த ஊர்களுக்குள்தான். ஒரு வீட்டுச் செய்தி ஒன்பது ஊருக்குப் போய்விடும். ஆகவே பிள்ளைக்குப் புற்றுநோய் வந்ததை மறைக்கிறோம். 'இரத்தக் குறைவு' என்கிறோம், 'சளிக்கட்டி' என்கிறோம், 'கரண்ட் வைத்த' தழும்பைத் தீக்காயம் என்கிறோம். சிகிச்சை முடிந்ததும் காகிதங்களை எரித்துவிடுகிற வீடுகள் உண்டு. மூன்று வயதில் நோய் வந்த பெண்ணுக்கு முப்பது வயதிலும் அச்செய்தி தெரியாது.

என் உறவு வட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். ஊரும் பேரும் வேண்டா. ஏழாம் மாதக் கருவுடன் ஒரு பெண் மூச்சுத் திணறலோடு மருத்துவமனைக்கு வந்தாள். 'முன்பு ஏதேனும் பெரிய நோய் வந்ததுண்டா?' என்று மருத்துவர் கேட்டார். 'இல்லை' என்றாள். அவள் பொய் சொல்லவில்லை; அவளுக்குத் தெரியாது. தெரிந்த தாய் பக்கத்திலேயே நின்றார். சம்பந்தியம்மாளும் நின்றார். தாய் வாய் திறக்கவில்லை. இரத்தசோகை என்றும், ஆஸ்துமா என்றும் இரண்டு நாள் கழிந்தது. மூன்றாம் நாள் தாய்மாமன் வந்து, மருத்துவரைத் தனியே அழைத்து, 'ஐயா, ஐந்து வயதில் இவளுக்குச் சிவப்பு மருந்து ஏற்றினார்கள்' என்றார். அதன் பிறகே எக்கோ எடுத்தார்கள். தாயும் சேயும் பிழைத்தார்கள். இன்றும் அப்பெண் இதயத்துக்கு மாத்திரை உண்கிறாள். அவள் தன் தாயைக் கேட்ட கேள்வி ஒன்றுதான்: 'என் உடம்பைப் பற்றி மாமாவுக்குத் தெரிந்தது எனக்கு ஏனம்மா தெரியாது?'

திருமணம் தடைப்படும் என்ற அச்சம் பொய்யச்சம் என்று நான் சொல்ல மாட்டேன், தடைப்படுவதைக் கண்டிருக்கிறேன். ஆயினும் அந்த அச்சத்துக்கு அடியில் இருக்கும் ஓர் எண்ணம் பிழையானது. மீண்டவர்களுக்குப் பிறக்கும் பிள்ளைகளுக்கும் இந்நோய் வரும் என்பதே அவ்வெண்ணம். மரபு வழியாக வரும் சில வகைகளைத் தவிர, அவ்வாறு வருவதில்லை என்பதைப் பெரிய ஆய்வுகள் காட்டியுள்ளன. பிறவிக் குறைகளும் அப்பிள்ளைகளிடம் கூடுதலாகக் காணப்படவில்லை. விதிவிலக்கான வகைகளில் கண்ணில் வரும் ரெட்டினோபிளாஸ்டோமாவைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அதன் மரபுவழி வடிவில் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு உண்டு. ஆகவே அக்குடும்பங்கள் மரபணு ஆலோசனை பெறுவதும், பிறந்த குழந்தையின் கண்ணை உடனே சோதிப்பதும் வேண்டும். மணம் பேச வரும் வீட்டாரும் 'நோய் வந்ததா?' என்று கேட்டு எழுந்துபோவதைவிட, 'இப்போது எப்படி இருக்கிறது? மருத்துவர் என்ன சொல்கிறார்?' என்று கேட்கப் பழக வேண்டும். பிள்ளையைப் பெற்றவர்களைவிட, பெண் கேட்டுப் போகும் நாமே இந்த மறைப்புக்குப் பெரிய காரணம் என்பது என் கருத்து. மாறுபடுவோர் பிறகு என்னிடம் வாதிடலாம்.

பிள்ளைக்கு எப்போது சொல்வது என்று கேட்பீர்கள். ஆறு வயதில் 'உன் இரத்தத்தில் ஒரு நோய் இருந்தது; மருந்து கொடுத்துச் சரியாயிற்று' என்றால் போதும். பன்னிரண்டு வயதில் நோயின் பெயரைச் சொல்லலாம். பதினெட்டு வயதில் ஏட்டையே கையில் கொடுத்துவிட வேண்டும்.

அந்த ஏட்டுக்கு வருகிறேன். உள்நோயாளிகளின் மருத்துவப் பதிவேடுகளைக் குறைந்தது 3 ஆண்டுகள் காக்க வேண்டும் என்பதே நம் நாட்டின் மருத்துவ ஒழுக்க விதி. பெரிய மருத்துவமனைகள் அதனினும் நெடுங்காலம் காப்பதுண்டு. ஆனால் நம் பிள்ளையின் ஏடு முப்பது ஆண்டு கழித்தும் அங்கே இருக்கும் என்று நம்பி இருக்க முடியாது. வீட்டில்தான் இருக்க வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது. நோயின் முழுப்பெயர், கண்டறிந்த நாள், சிகிச்சை முடிந்த நாள், கொடுத்த மருந்துகள் ஒவ்வொன்றின் பெயர், சிவப்பு மருந்தாயின் அதன் மொத்த அளவு, கதிர்வீச்சாயின் உடலின் எந்தப் பகுதிக்கு, எவ்வளவு, அறுவைச் சிகிச்சை, இரத்தம் ஏற்றிய விவரம். இத்தனையும் இரண்டு பக்கத்தில் அடங்கிவிடும். சிகிச்சை முடியும் நாளில் கேட்டால் மருத்துவர்கள் எழுதித் தருவார்கள். முன்பே முடித்தவர்கள் பழைய அட்டையின் எண்ணுடன் சென்று கேட்டால், பதிவேடு இருக்கும்வரை கிடைக்கும். ஆகவே தள்ளிப்போட வேண்டா. பெயர் சொல்லியே மருந்துகளை நான் குறிப்பிட்டதன் காரணம் இதுதான். 'ஏதோ ஊசி போட்டார்கள்' என்பதை வைத்துக்கொண்டு முப்பது ஆண்டு கழித்து எந்த மருத்துவரும் முடிவெடுக்க இயலாது.

ஏடு காப்பது நமக்குப் புதிதன்று. உ.வே.சா. அவர்கள் சீவகசிந்தாமணியைப் பதிப்பிக்க முயன்றபோது, அதன் பொருளை விளக்கித் துணைநின்றவர்கள் கும்பகோணத்துச் சமணப் பெரியோர்கள். ஓலையைக் காத்தவர்கள் இரண்டு தாளைக் காக்க மாட்டோமா?

நிர்வாகக் குழுவின் ஒப்புதலுடன் ஒரு சிறு ஏற்பாடு செய்திருக்கிறோம். இனி மருத்துவ உதவி பெறும் ஒவ்வொரு குழந்தையின் குடும்பத்துக்கும், காசோலையுடன் ஒரு குறிப்பேடு தரப்படும். நான் சொன்ன விவரங்களை மருத்துவர் நிரப்புவதற்கான பக்கங்களும், பின்வரும் ஆண்டுகளின் சோதனைகளைக் குறித்துக்கொள்வதற்கான பக்கங்களும் அதில் உண்டு. சிகிச்சை முடிந்தபின் எக்கோ, செவிச் சோதனை ஆகியவற்றுக்கு ஆகும் செலவையும் ஔடத தான நிதியிலிருந்தே வழங்கக் குழு இசைந்துள்ளது. முன்பே குணமாகி இன்று பெரியவர்களாக இருப்போருக்கும் இது பொருந்தும்.

குறிப்பேட்டின் படிகள் உணவுக்கூடத்தின் வாயிலருகே உள்ள மேசையில் வைக்கப்பட்டுள்ளன. எடுத்துக்கொள்வோர் பெயரோ ஊரோ எழுதித் தர வேண்டியதில்லை. உறவினருக்காக என்று சொல்லிக்கூட எடுத்துச் செல்லலாம். மாலை ஐந்து மணிவரை நான் அங்கேதான் இருப்பேன்.